சாப்பாட்டு நேரத்து ஆங்கிலம்

எலோதியா என்னோடு அமெரிக்காவில், ஃப்ரெஸ்னோவில் திராட்சை பறிப்பவள். மெக்சிகோவிலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை. ஆனால் மகள் யாரெலியும் மகன் இர்விங்கும் சாப்பிடும்போது ஆங்கிலத்தில் பேசிக்கொண்டால், டி.வி.யை அணைத்துவிட்டுக் கேட்பாள். நான் வீட்டுக்குப் போயிருந்தால், அடுப்படியில் நின்று சோளரொட்டியைச் சுடச்சுடப் போட்டபடியே என்னிடம், "எம் புள்ளைங்க பேசுறதப் பாருடி, வெள்ளக்காரன் தோத்தான்" என்பாள்.

பிள்ளைகளை அசத்த வேண்டுமென்று, போன குளிர்காலத்தில் யாருக்கும் சொல்லாமல் சர்ச்சில் நடந்த ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள்.

ஒரு நாள் ரொட்டியோடு திரும்பியபோது, யாரெலி தம்பியிடம் ஆங்கிலத்தில் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மாத்திரை என் ஷூவுக்குள்ள இருக்கு. பாதி உனக்கு."

"அம்மா நிக்கிறாங்களே?"

"நின்னா என்ன? அதுக்கு என்ன புரியும்? எப்பவும் போல பல்லக் காட்டிக்கிட்டு நிக்கும்."

மறுநாள் தோட்டத்தில் இதைச் சொன்னாள்.

"நீ என்னடி பண்ணினே?" என்றேன்.

"அந்தப் போதைக் கருமத்தத் தேடி எடுத்து கக்கூஸ்ல கொட்டினேன்."

"அப்ப, அந்த நிமிஷம்?"

எலோதியா ஒரு குலையை வெட்டிக் கூடையில் போட்டாள்.

"பல்லக் காட்டிக்கிட்டுத்தான் நின்னேன்."