டொரொன்டோவுக்கு எத்தனை மணி நேரம்?

"கனடாவெல்லாம் இப்ப பக்கந்தாங்க. ஏறி ரெண்டு படம் பாத்தா எறங்கிடலாம்." திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றவர் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிற எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளைத் தூரதேசத்துக்கு அனுப்பிவிட்டு இங்கே இருப்பவர்களே, உங்களுக்கும் வந்திருக்காது.

இரண்டு சாண்

எங்கள் அலுவலகச் சுவரில் ஓர் உலகப் படம் உண்டு. உப்பிலியபுரத்து விவசாயி ஒருவர், டொரொன்டோவில் இருக்கும் மகன் வருவதற்கு டிக்கெட் விசாரித்தார். பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நடுவில் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு நாளைத் தாண்டும் என்றேன். அவர் எழுந்து போய், படத்தில் திருச்சிமேல் விரலை ஊன்றி அளந்தார்.

"ரெண்டு சாண் தாங்க இருக்கு. இதத் தாண்டி வர அவனுக்கு மூணு வருசமாச்சு."

வடக்கா, மேற்கா?

ஒரு திங்கட்கிழமை மாலை, ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மாமா ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. டொரொன்டோவில் அவர்கள் மகளுக்குப் பிரசவ ஆபரேஷனைத் திடீரென்று இந்த வியாழக்கிழமைக்கே மாற்றிவிட்டார்கள். முதல் குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மகள் அழுகிறாளாம். மாமிக்கு விசா தயாராக இருந்தது.

செவ்வாய் மாலை கிளம்பினால் புதன்கிழமையே போய்விடலாம் என்றேன். மாமா ஒப்பவில்லை. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கூடாது.

"டொரொன்டோ வடக்கா, மேற்கா?" என்று கேட்டார்.

படத்தில் மேற்கு, ஆனால் விமானம் வடக்கே வளைந்துதான் போகும் என்றேன்.

"அப்ப வியாழக்கிழமைக்குப் போடுங்கோ."

"வியாழன் கிளம்பினா ஆபரேஷன் முடிஞ்ச பிறகுதான்..." என்றேன்.

"போன தடவை சூலம் பார்க்காமத்தான் இவளை அனுப்பினேன். என்ன ஆச்சுன்னு பார்த்துட்டேன்" என்றார் மாமா. "பெருமாள் பார்த்துப்பார்."

டிக்கெட் போடாமலே எழுந்தார்கள். வாசலில் மாமி சொன்னது காதில் விழுந்தது.

"பெருமாள் பார்த்துப்பார், சரி. அவ கையை யார் பிடிச்சுப்பா?"

பரஸ்தானம்

மறுநாள் மாமி தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பெட்டி.

"இன்னிக்கு இடம் இருக்காம்மா?"

இருந்தது. "மாமாவுக்கு..." என்று இழுத்தேன்.

போகிற நாள் சரியில்லை என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல வேளையில் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது அவர்கள் வழக்கம். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர்.

"நேத்தே நல்ல வேளை பார்த்து அடுத்தாத்துல வச்சுட்டேன். பெட்டி திங்கட்கிழமையே கிளம்பியாச்சு. நான்தான் பாக்கி."

டிக்கெட் அச்சாகும்போது வாசலில் நிழல் தட்டியது. மாமா. மணி மூன்றரை, செவ்வாய்க்கிழமை ராகு காலம். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். தோளில் மாமியின் கம்பளிச் சட்டை கிடந்தது. அவர் குனிந்து பெட்டியைத் திறந்தார். சட்டையை மடித்து உள்ளே வைத்துப் பூட்டினார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தார்.