நீலா நாக்கில் வைத்துப் பார்த்த கார்

பத்தரை அங்குலம். டோல்கேட் பகுதியில் பழைய கார் விற்கும் மதி, தொடுதிரையின் இந்த அளவைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். எஞ்சினைப் பற்றிப் பேச்சே இல்லை.

வாங்க வந்தவர் கல்மண்டபத்துக் கருவாட்டு வியாபாரி நீலா. நாற்றம் என்று சொல்லி, பதினெட்டு வருடமாகப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டவர். நடுவழியில் நிற்காத ஒரு வண்டி அவருக்கு வேண்டும்.

“டச் பண்ணிப் பாரு யக்கா, சினிமா கொட்டா மாரி கீது!”

நீலா திரையைத் தொடவில்லை. கால்மிதியைத் தூக்கி, அடியில் விரலால் சுரண்டி, கருவாட்டில் உப்புப் பார்ப்பதுபோல் நாக்கில் வைத்தார்.

“இன்னா நைனா, காரைக் கருவாடு போட்டுக்கீற?”

“ஐய, அது வேர்வை யக்கா!”

“வேர்வைல சேறு வருமா? முகத்துவாரத்து உப்புத் தண்ணி ஏறி முழுகின வண்டி இது. புது டிவிய மாட்டி என் தலைல கட்டப் பாக்குற!”

அங்கே இன்னொரு காருக்குக் கையெழுத்துப் போட இருந்தவர் பேனாவை மூடிவிட்டுக் கால்மிதியைத் தூக்கினார்.

மூலையில் நின்ற காரையும் நீலா சுரண்டி ருசி பார்த்தார். வெறும் தூசி. அதையே எடுத்தார். இன்று கூடைகளோடு விம்கோ நகர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி அவரே ஓட்டிப் போகிறார். இறக்கிவிட ஆளில்லை.

அந்தக் காரின் திரை ஏழு அங்குலம்.