பச்சையும் வெள்ளையும் ஒரே மருந்து

வெண்ணந்தூரில் தறி ஓட்டும் என் அக்காவுக்குச் சர்க்கரை நோய். மருந்துக்கடையில் வழக்கமான மாத்திரை இருப்பு இல்லாததால், அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் கொடுத்தார்கள். பழையது வெள்ளை, புதியது பச்சை. டாக்டர் கூடுதலாக எழுதிய மருந்து என்று நினைத்த அக்கா, வீட்டில் மீதியிருந்ததையும் சேர்த்தே விழுங்கி வந்திருக்கிறார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, தறியருகே நினைவின்றிக் கிடந்தார்.

"ரெண்டும் ஒண்ணுன்னு யாரும் சொல்லலீங்களே" என்று மாமா டாக்டரிடம் அழுதார்.

உயிர் தப்பியது, நினைவு முழுதாகத் திரும்பவில்லை. "வா சாமி" என்று என்னை வாசலுக்கே வந்து அழைப்பவர், இப்போது "நீங்க யாருங்க?" என்கிறார்.

இப்போதெல்லாம் மாத்திரையின் பெயரோ நிறமோ மாறியிருந்தால், பழைய அட்டையைக் காட்டி, "இது அதுக்குப் பதிலுங்களா, அதோட சேத்துச் சாப்பிடறதுங்களா?" என்று கேட்காமல் நான் கடையை விட்டு நகர்வதில்லை.