ஏ கலா

தோள் நோவு மாறவில்லை என்று மகள் என்னை லண்டன் சட்டனில் நடந்த ஹவாய் வைத்திய வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். போனால், கண்ணை மூடச் சொல்கிறார்கள். நோவு தோளில், கண் என்ன செய்தது?

வகுப்பெடுத்த ஹவாய்க்காரப் பெண், "யாரோடு கோபமோ, அவரை நினைத்துச் சொல்லுங்கள்: ஏ கலா மை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலா ஹவுன்ஸ்லோவில் இருக்கும் என் தங்கச்சி. ஷிப்ட் மாற்ற ஏலாமல் என் மகள் பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்தியச் சடங்குக்கு அவள் வரவில்லை. "நீ எனக்குத் தங்கச்சியே இல்லை" என்று சனத்துக்கு முன்னால் போனில் கத்தினேன். இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

"இந்த மனிசிக்கு எங்கடை வீட்டுக் கதையை நீயோ சொன்னனீ?" என்று மகளிடம் சீறினேன்.

"ஐயோ அம்மா, அது சித்தி இல்லை! அவை தந்த தாளைப் பாருங்கோ. ஹவாய் பாஷையிலை மன்னிச்சுக்கொள் எண்டு அர்த்தம். கலா எண்டால் அவிழ்த்துவிடுறதாம்."

அங்கிருந்த அத்தனை பேரும் என் தங்கச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்று தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். "ஏ கலா..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"சொல்லுங்கோ அக்கா" என்றாள், நேற்றும் கதைத்தவள் போல.

இப்போது தினமும் கதைக்கிறோம். அந்த ஒரு சொல்லை மட்டும் என் பாஷையில் நான் இன்னும் சொல்லவில்லை. தோளும் நோகத்தான் செய்கிறது.