அறுபது இலை, ஒரே தாய்மாமன்

போன வாரம் தியாகதுருகத்தில் அக்காவுக்குக் கல்யாணம். காலை டிபன் பந்திக்கு டோக்கன் தரும் கம்ப்யூட்டர் புரோகிராமை நானே எழுதினேன். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு ஒரே கவலை. சின்னசேலத்திலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியிலேயே சாப்பிட்டாக வேண்டும். "அதுல கொற வந்துச்சுன்னா காலத்துக்கும் சொல்லிக்காட்டுவாங்கடா."

புரோகிராமில் அர்ரே என்று ஒரு வரிசைப் பட்டியல் உண்டு; அது பந்தி மாதிரி. எத்தனை இலை, எந்த வகை ஆள் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். ஆனால் ரிஃப்ளெக்‌ஷன் என்று ஒரு வித்தை உண்டு. புரோகிராம் ஓடும்போதே, வந்து நிற்பவர் எந்த வகை என்று பார்த்து, அந்த வகைக்கே ஒரு அர்ரேயை அந்த நிமிடம் உருவாக்கலாம். அழகாக இல்லை?

என் புரோகிராமும் முதலில் வந்தவரைப் பார்த்தது. அறுபது இலைக்கு அர்ரே போட்டது.

எங்கள் வீட்டில் முதல் இலை யாருக்கு? தாய்மாமனுக்கு.

மாமா உட்கார்ந்தார். அடுத்து வந்த மாப்பிள்ளையின் அப்பாவுக்கு டோக்கன் வரவில்லை. திரையில் ஒரே வரி: 'தாய்மாமன்கள் பந்தி. மற்ற வகைக்கு இடமில்லை.'

டோக்கன் இல்லாமல் உட்கார வேண்டியதுதானே? டோக்கன் இல்லாத இலையில் ஒரு இட்லிகூட விழாது என்றார்கள் பரிமாறுபவர்கள். அப்படிச் சொல்லிவைத்ததும் நான்தான்...

"இன்னா தம்பி, தாய்மாமனா இருந்தாத்தான் இட்லியா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"வகையை 'விருந்தாளி'ன்னு போட்டிருக்கணுங்க. ஆனா, போட்ட அர்ரேய மாத்த முடியாது. மாமா எழுந்து மறுபடி மொதல்லேர்ந்து உக்காரணும்."

சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை இலையிலிருந்து எழுப்புவதா? அப்பா முகம் வெளுத்துவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்ப என்னையும் தாய்மாமன்னு போட்டுக்க. எங்க வூட்டுக்காரியையும்."

ஐம்பத்தொன்பது பேரும் தாய்மாமன் ஆனார்கள் — வேன் ஓட்டி வந்த கல்வராயன் மலைக்காரர் உட்பட. சாம்பார் வந்தது. அப்பா மூச்சு விட்டார்.

முடிந்ததா? அதே பட்டியல்தான் மேடையில் மைக் பிடித்தவர் கையிலும் இருந்தது.

"பொண்ணுக்கு மாலை போட தாய்மாமன் மேடைக்கு வாங்க... தள்ளிக்கினு வராதீங்க, அறுபது பேர் இருக்கீங்க."

வந்தார்கள். மாமா வரிசையின் கடைசியில், மாலையோடு என்னைப் பிடித்தார். "டேய், இவங்கள்லாம் யாருடா?"

"நீங்கதான் மாமா."

அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். இனி யார் குறை சொல்வார்கள்? தாய்மாமன் என்றால் பெண் வீட்டார் ஆயிற்றே.

மாப்பிள்ளை வீட்டில் இப்போது மிச்சம் மாப்பிள்ளை மட்டும்தான்.