மூன்று மணி ஜூஸ்

பிளெண்டர் ஓடும்போது நான் குசினியில் நிற்பதில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு, வெள்ளவத்தை வீட்டின் சின்னப் பல்கனிக்குப் போய்விடுவேன். அங்கே கடல் இருக்கிறது, ரயில் இருக்கிறது, பார்க்க ஏதாவது இருக்கிறது. “அம்மா, அது அரைபட்டு முடிஞ்சுது, வந்து நிப்பாட்டுங்கோ” என்று மகள் கத்துவாள். கத்தட்டும்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த காலத்தில் ஜூஸ் என்றால் அம்மாவின் கைதான். விளாம்பழத்தை உடைத்து, பிசைந்து, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்டு, பழைய வேட்டித் துண்டில் வடிப்பாள். எவ்வளவு வடித்தாலும் ஒரு நார் தப்பிவந்து தொண்டையைக் கீறும். அந்தக் கீறலும் சேர்ந்ததுதான் ருசி. மாமா தோஹாவிலிருந்து பிளெண்டர் கொண்டுவந்த பிறகும் இது மாறவில்லை. அம்மா அதற்குப் பூப்போட்ட உறை தைத்து ஷோகேஸில் வைத்தாள். யாராவது வந்தால் உறையைக் கழற்றிக் காட்டுவாள். அவர்கள் போனதும் மாட்டிவிடுவாள்.

எனக்கு ஒன்பது வயதில் அது குசினிக்கு இறங்கியது. அப்பாவின் தொண்டையில் ஏதோ வந்திருந்தது. முதலில் சோறு இறங்க மறுத்தது, பிறகு குரல் போனது. தெருமுனை வரை கேட்கும்படி சிரித்த மனிதர், படுக்கையில் கிடந்து கரண்டியால் கிளாஸைத் தட்டி எங்களைக் கூப்பிடத் தொடங்கினார். இரண்டு தட்டு அம்மாவுக்கு, மூன்று தட்டு எனக்கு.

வீடு முழுக்கத் துக்கம் இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் தினமும் பிளெண்டர் ஓடியது என்பதுதான். ஆனைக்கொய்யா என்கிற அவகாடோப் பழம், டின்பால், ஒரு பேரீச்சம்பழம். மூன்று மணிக்கு அது அரைபடும் சத்தத்தில் வாயில் எச்சில் ஊறும். ஆனால் ஒரு கிளாஸ்தான், அது அப்பாவுக்கு மட்டும். “அப்பா சாப்பிடுறேல்ல, பாவம். உனக்குச் சோறு இருக்குத்தானே?” என்பாள் அம்மா. சோறு! படுத்திருப்பவருக்கு இனிப்பு, பள்ளிக்கூடம் போய் வருபவளுக்குச் சோறு. எனக்கும் ஒரு வருத்தம் வந்து படுக்கையில் விழக்கூடாதா என்று கொழும்பிலுள்ள எல்லாக் கோயிலுக்கும் மனதுக்குள் நேர்ந்துகொண்டேன்.

ஒருநாள் அம்மா கிளாஸை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். மூன்று தட்டு. ஓடினேன். அப்பா கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

“குடி.”

“உங்களுக்கு?”

“எனக்குக் காணும். அம்மாட்டச் சொல்லாத, என்ன?” காற்றுதான் வந்தது. உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

ஒரே மூச்சில் குடித்தேன். என் மேலுதட்டில் பூத்த பச்சை மீசையை அவர் பெருவிரலால் துடைத்துவிட்டார். அதன்பிறகு தினமும் மூன்று தட்டு. அவர் ஒரு வாய் நனைப்பார், நோவில் கண்ணை மூடிக்கொள்வார், மிச்சம் எனக்கு. நாங்கள் இருவரும் சேர்ந்து அம்மாவை ஏமாற்றுகிறோம் என்ற சந்தோஷம் இனிப்பைவிட இனித்தது.

அம்மாவுக்கோ வெறும் கிளாஸைக் காணக் காண முகம் மலர்ந்தது. ஒரு நாளும் தானாகக் கதைக்காதவள், சந்தியில் பழம் விற்கிறவரிடம் தன் அரைகுறைச் சிங்களத்தில், “மாத்தயா முழுக் கிளாஸும் குடிக்கிறார்” என்று அப்பாவைப் பற்றிச் சொல்லி, இன்னுமொரு பழம் கேட்டு வாங்கினாள்.

ஒரு பின்னேரம் அவள் தைக்க உட்கார்ந்தாள். மடியில் என் பள்ளிக்கூடப் பாவாடை. கொக்கி போட முடியாமல் இடுப்பு இறுகிவிட்டிருந்தது. பக்கத்தில் அப்பாவின் பெல்ட். கிளினிக்குப் போவதற்கு அதில் இன்னுமொரு துளை போடவேண்டியிருந்தது. பாவாடையைப் பார்த்தாள். பெல்ட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று கையைத் தூக்கி முகத்தை மறைத்தேன்.

அவள் எழுந்து குசினிக்குப் போனாள். பிளெண்டர் ஓடும் சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் ஜூஸா? எட்டிப் பார்த்தேன். ஜாருக்குள் வெறும் தண்ணீர்தான் சுழன்றது.

“அம்மா, உள்ளுக்கு ஒண்டும் இல்லையே!”

அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. பிளெண்டர் அதிருகிறது, அதனால் அம்மாவும் அதிர்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு இரண்டு கிளாஸ். ஒன்றைக் குசினி மேசையில் எனக்கு வைத்தாள். மற்றதை எடுத்துப்போய் அப்பாவுக்குக் கரண்டி கரண்டியாகப் பருக்கினாள். என் கிளாஸ் தளும்பத் தளும்ப இருந்தது. ஆனாலும் எனக்கு ஆத்திரம். நான் சொல்லவில்லை, அப்போ அவர்தானே சொல்லியிருக்கிறார்! கள்ளன். இனி அவரோடு கோபம் என்று முடிவுகட்டினேன்.

அன்று பின்னேரம் அறையிலிருந்து மூன்று தட்டு கேட்டது. போகவில்லை. அடுத்த நாளும் கேட்டது. மிச்சம் வைத்திருக்கிறார், அதைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்குத்தான் சொந்தக் கிளாஸ் இருக்கிறதே. நாலாம் நாள் தட்டு மெதுவாக விழுந்தது: ஒன்று, இரண்டு, வெகுநேரம் கழித்து மூன்று. நான் குசினியில் உட்கார்ந்து, கிளாஸின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த பையில் பெல்ட்டும் கரண்டியும் இருந்தன.

அம்மா பக்கத்திலேயே இருந்து கடைசிச் சொட்டு வரை பருக்கியிருந்தாள். அந்த நாலு நாளும் அப்பாவின் கிளாஸில் எனக்குத் தர எதுவுமே மிஞ்சியிருக்கவில்லை. அது தெரிந்தும் மூன்று தடவை தட்டினார்.