மெஹந்தியை மேலே போட்ட கார்டு

நான் கல்யாண ப்ளவுஸ் தைக்கிறவள். அப்போது அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் இருந்தோம். வீட்டு பேஸ்மென்டில் இரண்டு மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, அவ்வளவுதான் கடை. கிரீன் கார்டு வரும்வரை வேலை செய்யக்கூடாது என்று என்னை ஆறு வருடம் சும்மா உட்கார வைத்திருந்தார்கள். அந்தக் கோபத்தில், அது கைக்கு வந்த வாரமே மெஷின் வாங்கினேன். இரண்டாயிரத்து நான்கு வாக்கில் ஓரளவு பெயர் வந்தது.

பத்து நிமிட டிரைவில் ஒரு வாணியம்பாடிக்காரி இருந்தாள். மணப்பெண்களுக்கு மருதாணி போடுவாள். இரண்டு பேரிடமும் வருவது ஒரே பெண்கள்தானே, சேர்ந்து ஆள் பிடிக்கலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். என்னிடம் வருகிறவளை நான் அவளிடம் அனுப்ப வேண்டும், அவளிடம் வருகிறவளை அவள் என்னிடம் அனுப்ப வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே விசிட்டிங் கார்டு. அதில் எது மேலே வரவேண்டும் என்று ஒரு மணி நேரம் சண்டை.

“மெஹந்தின்னாதான்க்கா பொண்ணுங்க திரும்பிப் பாப்பாங்க. ப்ளவுஸ்னா அம்மாங்கதான் பாப்பாங்க.”

“அம்மாதானே முடிவு பண்றது?”

“அதான். அவங்க கீழ வரைக்கும் படிப்பாங்க.”

மெஹந்தி மேலே போயிற்று. விட்டுக்கொடுத்தது என் முட்டாள்தனம்.

ஒரு வருடம் நன்றாகத்தான் ஓடியது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, வழியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, எங்கெங்கிருந்தோ வந்தார்கள். பிறகு எங்கள் ஊரிலேயே ஓர் அம்மா வந்தார். கோயிலில் எல்லாருக்கும் தெரிந்தவர். அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் எனக்கு இரண்டு வருடத்துக்கு வேலை. கெட்டதாகச் சொன்னால் மெஷினை விற்றுவிட வேண்டியதுதான்.

மகளுக்கு ரிச்சர்ட்சனில் டெலிகாம் வேலை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம், வியாழக்கிழமை இரவுதான் அவளுக்கு ஃப்ளைட். அளவு ப்ளவுஸை அம்மா மூன்று மாதம் முன்பே கொண்டுவந்து கொடுத்தார். அதை வைத்துத் தைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ட்ரையலுக்கு வரச் சொன்னேன்.

சரியாக இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தால், மணப்பெண் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஈர மருதாணி. பின்னால் அம்மா. அவருக்குப் பின்னால் வாணியம்பாடிக்காரி, சிரித்த முகத்தோடு.

“கைய எப்படிம்மா ப்ளவுஸுக்குள்ள விடறது?” என்றேன்.

மூன்று பேருமே அப்போதுதான் அதை யோசித்தார்கள்.

“கார்டுல மெஹந்திதானே ஃபர்ஸ்ட் போட்டிருக்கு?” என்றார் அம்மா. “அதான் ஆர்டர்னு நெனச்சேன்.”

நான் வாணியம்பாடிக்காரியைப் பார்த்தேன்.

“இன்னிக்கு ட்ரையல்னு நீங்க சொல்லவே இல்லியேக்கா.”

“நீ கேட்டியா?”

“கேக்கல.”

“சரி, கழுவு.”

“கழுவறதா? ராத்திரி பூரா இருக்கணும்க்கா. இப்ப கழுவினா ஆரஞ்சுதான் வரும்.”

“ஐ டோன்ட் வான்ட் ஆரஞ்ச், ஆன்ட்டி,” என்றாள் மணப்பெண்.

“காலைல போட்டுக்கட்டுமே. அளவு ப்ளவுஸ்தான் குடுத்தோமே,” என்றார் அம்மா. பிறகு கொஞ்சம் மெதுவாக, “அது காலேஜ் டேஸ்ல தெச்சது,” என்றார்.

இதை மூன்று மாதம் கழித்துச் சொல்கிறார். அதற்கு மேல் யாரோடும் பேச எனக்குப் பொறுமை இல்லை. பிளேடை எடுத்தேன்.

“ஏங்க, பட்டுங்க அது,” என்று பதறினார் அம்மா.

“தெரியும். நான்தான் தெச்சேன்.”

கையின் அடித்தையலில் தொடங்கி, அக்குள் வழியாக இடுப்பு வரை, இரண்டு பக்கமும் பிரித்துவிட்டேன். இப்போது அதற்குள் கையை விடவே வேண்டாம். நல்லவேளை, மருதாணிக்காக அவள் கையில்லாத மெல்லிய டாப்தான் போட்டிருந்தாள். அதன் மேலேயே ப்ளவுஸைத் துண்டு மாதிரி தோளில் போட்டு, முன்னால் கொக்கி மாட்டி, பக்கங்களைச் சேர்த்துப் பின் குத்தினேன். தொங்கிய கைத்துணியை மேல்கையில் சுற்றிப் பார்த்தேன். ஓர் அங்குலம் போதவில்லை. மார்பிலும் அரை அங்குலம் பிடித்தது. அப்படியே கொடுத்திருந்தால் மணமேடையில் கொக்கி தெறித்திருக்கும். எப்போதும் தையலுக்கு உள்ளே நிறையத் துணி விட்டுத்தான் தைப்பேன். பிழைத்தோம்.

வாணியம்பாடிக்காரி பெண்ணின் முழங்கைகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பாத்தீங்களா, மெஹந்தி போட்டதாலதான் எல்லாத்தையும் பிரிச்சு கரெக்டா அளவெடுத்தீங்க.”

“வாய மூடிக்கிட்டு அந்தப் பின் டப்பாவ எடு.”

சாயங்காலத்துக்குள் தைத்து முடித்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் ஊசி நூலோடு நானே கல்யாணம் நடந்த ஹோட்டலுக்குப் போனேன். தேவைப்படவில்லை. கொக்கிகள் எல்லாம் சரியாக மாட்டின, கை ஒட்டினாற்போல் உட்கார்ந்தது. மருதாணியும் கருஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை புதுக் கார்டு அடிக்கக் கொடுத்தேன். ப்ளவுஸ் மேலே, மெஹந்தி கீழே. இந்தத் தடவை அவள் வாயே திறக்கவில்லை.

ஆனால் அந்த அம்மா வாயைத் திறந்துவிட்டார். நல்லதாகத்தான் சொன்னார், அதுதான் வினை. அடுத்த மாதம் யாரோ ஒருவர் போன் செய்தார்.

“உங்ககிட்ட மெஹந்தி ஈரத்தோடயே ட்ரையல் பண்ணுவீங்களாமே. ஃபிட்டிங் அப்படியே உக்காருதாம். எங்க பொண்ணுக்கும் அதேதான் வேணும்.”

அப்படி எதுவும் கிடையாது, முதலில் ப்ளவுஸ், பிறகுதான் மெஹந்தி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பத்தே நிமிடத்தில் வாணியம்பாடிக்காரி கூப்பிட்டாள்.

“ஏன்க்கா இல்லேன்னு சொன்னீங்க? அவங்க இப்ப எனக்குப் போன் பண்ணாங்க. நான் சரின்னுட்டேன்.”

அந்த வெள்ளிக்கிழமை, என் வாசலில் இன்னொரு பெண் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். இவளுக்கு மருதாணி முழங்கைக்கும் மேலே போயிருந்தது.